மீதி எட்டு கிரெடிட்

"எட்டே எட்டு கிரெடிட் தம்பி. அது முடியாம என் உயிர வாங்குது," என்றான் சீடன்.

குரு வாளியில் ஊறிய கவராலை, உடம்பு முழுக்க மூடும் வேலை உடுப்பை, கசக்கிக்கொண்டிருந்தான்.

"உக்காருங்க அண்ணாச்சி."

குரு என்றதும் தாடியை நினைக்க வேண்டாம். இவனுக்கு இருபத்தாறு வயது. பெயர் மாசானமுத்து. ஓமானில், கடலோரத்தில் எண்ணெய்க் கிடங்கு கட்டும் இடத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்.

சீடனுக்கு முப்பத்தொன்பது. பெயர் இருதயராஜ். அதே கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மூன்று வருடம் காலேஜில் கணிதம் படித்தவன்.

யார் யாரிடம் பாடம் கேட்பது? நியாயமான கேள்விதான். ஆனால் அந்த முகாமில் வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் சேர்ந்தவர்கள் பதினொரு பேர். பாஸ் ஆனவர்கள் நாலு பேர். அந்த நாலு பேரும் வெள்ளிக்கிழமை லீவில் இந்த வாளிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள். கிண்டலுக்கு வைத்த 'குரு' என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

"விவரமாச் சொல்லுங்க."

"கடைசி செமஸ்டர்ல விசா வந்துச்சு. படிப்ப விட்டுட்டு வந்துட்டேன். இப்ப ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என் பழைய கிரெடிட்ட எல்லாம் ஏத்துக்கிச்சு. பாக்கி பன்னெண்டு. அதுல நாலு கிரெடிட் ஆன்லைன் கோர்ஸ். முடிச்சுட்டேன்."

"எப்படி முடிச்சீங்க?"

"வீடியோவ ஓடவிட்டுத் தூங்கிட்டேன்."

"சரி."

"மீதி எட்டும் பரீட்சை. புள்ளியியல் ஒண்ணு, புள்ளியியல் ரெண்டு. மஸ்கட்ல சென்டர். இந்த வருஷத்தோட சலுகை முடியுது. இத விட்டா பழைய கிரெடிட்டும் செல்லாது. மறுபடி முதல்ல இருந்து மூணு வருஷம்."

"சரி."

"சொல்லிக்குடு தம்பி."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"அப்புறம் அந்த நாலு பேரு?"

"அவங்க சொன்னாங்க. நான் கேட்டேன். நீங்களும் சொல்லுங்க."

சீடன் கைடைப் பிரித்தான். பென்சிலால் கோடு போட்ட இடத்தை எடுத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கூட்டுச் சராசரியிலிருந்து எடுக்கப்பட்ட விலக்கங்களின் வர்க்கங்களின் சராசரியின் வர்க்கமூலம் திட்ட விலக்கம் எனப்படும்."

"புரியல," என்றான் குரு.

சீடன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"புரியல."

சீடன் கத்திச் சொன்னான்.

"சத்தம் நல்லாக் கேக்கு அண்ணாச்சி. புரியத்தான் இல்ல."

"பரீட்சை எழுதப்போறது நானா நீயா?"

"நீங்கதான்."

"அப்ப உனக்கு எதுக்குப் புரியணும்?"

குரு கவராலைப் பிழிந்து கயிற்றில் போட்டான்.

சீடன் கைடை மூடிக்கொண்டு போனான்.

*

அடுத்த வெள்ளிக்கிழமை சீடன் ஆங்கிலத்தில் தயாராகி வந்தான். யூடியூபில் கேட்டதை அப்படியே ஒப்பித்தான்.

"போன வாரம் கொஞ்சமாவது தமிழ் இருந்துச்சு," என்றான் குரு.

சீடனுக்குக் கோபம் வந்தது.

"நீ ஏன் ஒன்பதாங்கிளாஸ்லயே நின்னேன்னு இப்பத் தெரியுது."

குருவுக்குக் கோபம் வரவில்லை.

"அது வேற கத அண்ணாச்சி. கணக்கு வாத்தியாரு போர்டு நெறைய எழுதினாரு. திரும்பி, 'புரிஞ்சுதா'ன்னு கேட்டாரு. எல்லாரும் 'புரிஞ்சுது சார்'னு கத்தினாங்க. நான் மட்டும் எந்திரிச்சு 'புரியல'ன்னேன்."

"ம்."

"மறுபடி சொன்னாரு. மறுபடி புரியல. வெளிய நில்லுன்னாரு."

"நின்னியா?"

"கொஞ்ச நேரம் நின்னேன். பொறவு வீட்டுக்குப் போயிட்டேன்."

"மறுநாள்?"

"போகல."

"கூடச் சேந்து நீயும் 'புரிஞ்சுது சார்'னு சொல்லியிருந்தா என்ன? இந்நேரம் ஒரு டிகிரி வாங்கியிருப்பே. நாங்க எல்லாம் அப்படித்தான் சொன்னோம்."

"உங்களுக்குப் புரிஞ்சுதுல்லா. அதனால சொன்னீங்க."

சீடன் குருவின் முகத்தைப் பார்த்தான். அதில் கிண்டல் இல்லை. அவன் உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

சீடன் அடுத்த வாரம் வரவில்லை.

*

அதற்கடுத்த வாரம் வந்தான். கையில் கைடு இல்லை. சாப்பாட்டுத் தட்டு இருந்தது.

"முத்து, இத நக்கிப் பாரு."

குரு சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்தான்.

"உப்பே இல்ல."

"நேத்து?"

"நேத்து வாயில வெக்க முடியல. கடலத் தூக்கிக் கொட்டிட்டான்."

"முந்தாநாள்?"

"இல்ல."

"மூணு நாளையும் கூட்டி வகுத்துப் பாரு. சராசரியா உப்பு சரி. பக்கத்து பிளாக் மெஸ்ஸுலயும் சராசரியா உப்பு சரி. ஆனா அங்க தெனமும் சரி. நீ எந்த மெஸ்ஸுல சாப்பிடுவ?"

"இது என்ன கேள்வி? அங்கதான்."

"ரெண்டு மெஸ்ஸுக்கும் சராசரி ஒண்ணு. ஆனா நம்மாளு சராசரிய விட்டுத் தள்ளித் தள்ளிப் போறான். எவ்வளவு தள்ளிப் போறான்னு ஒரு நம்பர்ல சொன்னா, அதான் திட்ட விலக்கம்."

குரு தட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

"நம்ம சமையக்காரருக்குத் திட்ட விலக்கம் ரொம்ப ஜாஸ்தி."

சீடன் சிரித்தான். காலேஜ் முடிக்காமல் வந்த பிறகு புள்ளியியலைப் பார்த்து அவன் சிரித்தது அதுதான் முதல்.

"ஆனா ஒண்ணு புரியல," என்றான் குரு. "வர்க்கம்னீங்களே. அது எதுக்கு?"

சீடன் கைடை மனதுக்குள் புரட்டினான்.

கைடில் எதுக்கு என்று போடவில்லை. எப்படி என்று மட்டும்தான் போட்டிருந்தது.

"எனக்கும் தெரியாது," என்றான்.

"சரி," என்றான் குரு. "சாப்பிடுங்க, ஆறிப்போகுது."

*

செவ்வாய்க்கிழமை டீ நேரம். சீடன் ஸ்டோரைப் பூட்டிவிட்டு கிரேனுக்குக் கீழே வந்து நின்றான். கையை ஆட்டினான்.

குரு இறங்கி வந்தான்.

"இங்க பாரு. நேத்து உப்பு ரெண்டு கூட. இன்னைக்கு ரெண்டு கம்மி. கூட்டு."

"பூச்சியம்."

"அப்ப தப்பே நடக்கலையா?"

"நடந்துச்சே."

"நடந்துச்சு. ஆனா கூட்டினா ஒண்ண ஒண்ணு அடிச்சுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிடுது. அதுக்குத்தான் வர்க்கம். கூடினாலும் நாலு, கொறஞ்சாலும் நாலு. இன்னைக்குப் பண்றத வெச்சு நேத்து பண்ணினத அழிக்க முடியாது."

"புரிஞ்சுது," என்றான் குரு.

சீடனுக்கு ஸ்டோர் ஞாபகம் வந்தது. ஓடினான்.

*

அதற்குப் பிறகு வேகம் வந்தது. வெள்ளிக்கிழமை போதவில்லை. பஸ்ஸில் சொன்னான். மெஸ் வரிசையில் சொன்னான்.

மேனேஜர் வருகிற நாளிலெல்லாம் காற்று பலமாக அடித்து கிரேன் நிற்கிறது, அதனால் மேனேஜர்தான் காற்றைக் கூட்டிவருகிறார் என்று சொல்ல முடியுமா? முடியாது. அது வெறும் ஒட்டுறவு, காரணம் இல்லை. இப்படி ஒவ்வொன்றாக.

குரு முகத்துக்கு நேரே 'புரியல' என்பான். ஒரு பாடத்துக்கு ஏழு தடவைகூடச் சொல்லியிருக்கிறான். சீடன் இப்போது கத்துவதில்லை. வேறு மாதிரி சொல்லிப் பார்ப்பான். சில சமயம் தனக்கே புரியவில்லை என்று கண்டுபிடித்துவிட்டு எழுந்து போவான்.

பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கும்போது ஹால் டிக்கெட் வந்தது. வெள்ளிக்கிழமை அதை அச்செடுத்துக்கொண்டு வாளிப் பக்கம் வந்தான்.

குரு ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தான். போட்டோவைப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான்.

"ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்காதீங்க. நாப்பது வயசுல எதுக்கு அண்ணாச்சி இது?"

"பிரமோஷன் கிடைக்கும்."

"புரியல. நம்ம கம்பெனியில டிகிரியப் பாத்து யாருக்குக் குடுத்தான்?"

"ஒரு திருப்திக்குன்னு வெச்சுக்கயேன்."

"புரியல. திருப்திக்கு வீடியோவ ஓடவிட்டுத் தூங்குவாங்களா?"

"என் மகளுக்கு ஒரு முன்மாதிரியா..."

"புரியல," என்றான் குரு. இந்தத் தடவை மெதுவாகச் சொன்னான்.

சீடன் ஹால் டிக்கெட்டை நாலாக மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"என் கல்யாணப் பத்திரிகையில என் பேருக்குப் பின்னாடி பி.எஸ்ஸி.ன்னு போட்டிருக்கு."

"சரி."

"டிகிரி இல்லாதவனுக்குப் பொண்ணு இல்லன்னுட்டாரு மாமனார். என் வீட்டுக்காரி ஜெசிந்தா டீச்சர். எங்க சித்தப்பா, 'பையன் பி.எஸ்ஸி.'ன்னு சொல்லிட்டாரு. பத்திரிகை புரூஃப் என் கைக்குத்தான் வந்துச்சு. சர்ச் பங்குச்சாமி பேர்ல ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்துச்சு, திருத்தினேன். மண்டபத்துப் பின்கோடு தப்பா இருந்துச்சு, அதையும் திருத்தினேன்."

"பி.எஸ்ஸி.ய?"

"விட்டுட்டேன்."

கயிற்றில் கவரால் காற்றில் ஆடியது.

"சர்டிபிகேட் எங்கன்னு அவங்க கேக்கலையா?"

"கம்பெனி வாங்கி வெச்சிருக்குன்னு சொன்னேன்."

"எத்தன வருஷமா?"

"பதினாலு."

"நம்பினாங்களா?"

"நம்புறா. அதான் தாங்க முடியல. மகளோட ஸ்கூல் ஃபார்ம்ல அப்பா படிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. வருஷா வருஷம் ஜெசிந்தாவே பி.எஸ்ஸி.ன்னு எழுதுறா. அழகா எழுதுவா." சீடன் தரையைப் பார்த்தான். "இந்த எட்டு கிரெடிட்ட எடுத்துட்டா அது பொய் இல்லன்னு ஆயிடும். அவளுக்குத் தெரியாமலே முடிஞ்சிடும்."

"புரிஞ்சுது," என்றான் குரு.

சீடனுக்கு மூச்சு வந்தது.

குரு அடுத்த சட்டையை எடுத்து சோப்புப் போட்டான். காலரைத் தேய்த்தான்.

"பாஸானா கவுன் போட்டு போட்டோ எடுப்பீங்கள்லா?"

"எடுக்காம? அதுக்குத்தான இவ்வளவும்."

"தொப்பி எல்லாம் வெச்சு, கையில சர்டிபிகேட்ட சுருட்டிப் பிடிச்சுக்கிட்டு."

"ஆமா."

"அத வீட்ல எங்க மாட்டுவீங்க?"

சீடன் மடித்த ஹால் டிக்கெட்டைப் பிரித்துத் தன் போட்டோவைப் பார்த்தான்.

முகத்தில் நரைத்த மீசை. சர்டிபிகேட்டிலும் இந்த வருஷம்தான் போட்டிருக்கும். எந்தச் சுவரில் மாட்டினாலும் ஜெசிந்தா பார்ப்பாள்.

"பீரோவுக்குள்ள வெச்சுக்கலாம்," என்றான்.

"போட்டோவையா?"

குரு கேலி செய்யவில்லை. போட்டோவை எதற்குப் பீரோவுக்குள் வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சீடன் எழுந்தான். ஊரில் மணி நாலரை இருக்கும். ஸ்கூல் விட்டிருக்கும். போனை எடுத்துக்கொண்டு முள்வேலிவரை நடந்து போனான்.

குரு சட்டையை அலசினான். இரண்டு பனியனைத் துவைத்தான். வேலிப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். சீடன் வெயிலில் நின்றுகொண்டிருந்தான். போன் காதில் இருந்தது. வாய் அசையவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தான்.

வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொல்லுதாங்க?"

"முதல்ல ஒண்ணும் சொல்லல. லைன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன். கட்டாகல."

"பொறவு?"

"எத்தன பேப்பர்னு கேட்டா. ரெண்டுன்னேன். பதினாலு வருஷத்துல ரெண்டு பேப்பர் எழுத முடியலையான்னா."

"நியாயம்தான."

"நியாயம்தான். அப்புறம், ஊருக்கு வாங்க, பேசிக்கலாம்னு வெச்சுட்டா."

"அது நல்ல பேச்சா, கெட்ட பேச்சா?"

"அவ டீச்சர். அவ 'பேசிக்கலாம்'னு சொன்னா எப்படிப்பட்ட பசங்களும் நடுங்குவானுங்க."

"நீங்க பாஸானா?"

"ஆனாலும் பேச்சு இருக்கு."

"ஃபெயிலானா?"

"அப்பவும் அதே பேச்சுதான்."

குரு வாளியைக் கவிழ்த்தான். சோப்புத் தண்ணீர் மணலில் இறங்கியது. கவிழ்த்த வாளியின் மேலேயே உட்கார்ந்தான்.

"அப்ப மிச்சம் இருக்கது புள்ளியியல் மட்டும்தான்," என்றான். "புஸ்தகத்த எடுங்க."