ஓணானாகிப் போன தர்மசீலன்

"கடலு நம்ம ஊர்லயும் இருக்கு, ஓணான் நம்ம ஊர்லயும் இருக்கு, இடிஞ்ச செவரு நம்ம வீட்டுக்குப் பின்னாடியே இருக்கு. ஏளா, இதைப் பாக்கவா இம்புட்டுத் தூரம் பறந்து வந்தோம்? இவ்வளவுதானா?"

சொன்னவர் தர்மசீலன். தூத்துக்குடியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். கேட்டுக்கொண்டு நின்றவள் அவர் மனைவி ராஜக்கனி. இருவரும் நின்ற இடம், ஏழு கடலுக்கு அப்பால், பாறை விளிம்பில் கட்டிய பழைய மாயா நகரத்தின் மதில் வாசல். காலம்? முன்னொரு காலம்தான். மந்திரமும் இருந்தது, விமானமும் இருந்தது, அப்படி ஒரு முன்னொரு காலம். எந்த வருஷம் என்று குறுக்கே கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

"நான் தனியாப் போறேன்னுதான சொன்னேன்? புதுத் தொப்பி வாங்கி மாட்டிக்கிட்டு, எனக்கு முன்னால விமானத்துல ஏறுனது யாரு?" என்றாள் ராஜக்கனி.

"நீ தொலைஞ்சு போயிட்டா?"

"உங்க கூட வந்தா மட்டும் என்னவாம்? வாயை மூடிக்கிட்டு நடங்க. பேர்லயே மாயா இருக்கிற ஊரு."

அவர் வாய் மூடுமா? 'இவ்வளவுதானா' என்பது அவருக்குக் கொட்டாவி மாதிரி, தானாக வரும். சோறு, மீன் குழம்பு, கூட்டு, பொரியல் என்று இலையை நிறைத்தாலும் வரும். மகள் பள்ளியிலேயே இரண்டாவதாகத் தேறியபோதும் வந்தது. பெண் பார்க்கப் போன அன்றைக்கே வந்தது. பஜ்ஜித் தட்டைப் பார்த்துச் சொன்னாரா, பெண்ணைப் பார்த்துச் சொன்னாரா என்று இன்றுவரை தீராத வழக்கு.

ராஜக்கனிக்கு ஒரே ஓர் ஆசை. அடுப்புக்கு மேலே ஒரு பழைய காலண்டர் மாட்டியிருந்தாள். தேதியெல்லாம் கிழிந்து போய்ப் படம் மட்டும் மிச்சம். நீலக் கடல், பாறை, பாறை மேல் ஒரு கல் வீடு. குழம்பு கொதிக்கும்போதெல்லாம் அதைத்தான் பார்ப்பாள். அந்த வீட்டுக்குள் ஒரு தடவை நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

நகரத்தின் நடுவே பெரிய மாளிகை ஒன்று நின்றது. வானத்துக்குப் போகிற மாதிரி படிகள். தர்மசீலன் நிமிர்ந்து பார்த்தார். தொப்பியைச் சரிசெய்தார். "இவ்வளவுதானா?" என்றார்.

பாறை விளிம்பில் அந்தக் கல் வீடு. அதுதான் காற்றின் கோயில். ராஜக்கனி நடையை எட்டிப் போட்டாள். வாசலில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "இவ்வளவுதானா?"

மூன்றாவது தடவை.

உஸ்ஸென்று ஒரு காற்று. திரும்பினால் தர்மசீலன் இல்லை. தரையில் தொப்பி கிடந்தது. தொப்பிக்குள்ளிருந்து முழங்கை நீளத்தில், முதுகெல்லாம் முள்ளோடு, ஓர் ஓணான் வெளியே வந்து அவளை முறைத்தது. முறைத்துவிட்டு மதில் பக்கம் ஒரே ஓட்டமாக ஓடியது.

ராஜக்கனி முதலில் தொப்பியை எடுத்துத் தூசி தட்டினாள். அப்புறம்தான் அலறினாள்.

"கத்தாதே அம்மா, காது வலிக்கிறது."

கோயில் கூரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றிப் பூத்தையல் போட்ட வெள்ளை உடை. காற்றே இல்லாதபோதும் கூந்தல் பறந்தது. "நான் நிக்தே. காற்றுக்காரி. இந்த ஊரின் ஒவ்வொரு கல்லும் ஏறி வந்ததைப் பார்த்தவள். சுமந்தவர்களின் தோளில் ரத்தம் வந்ததையும் பார்த்தவள். இங்கே வந்து மூன்று தடவை அந்த வார்த்தையைச் சொன்னவர்கள் எல்லாம் அதோ இருக்கிறார்கள்."

ராஜக்கனி மதிலைப் பார்த்தாள். கல்லுக்குக் கல் ஓணான். நூறோ, ஆயிரமோ. எல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டு ஒரே வார்த்தையை முணுமுணுத்தன. இவ்வளவுதானா, இவ்வளவுதானா, இவ்வளவுதானா.

"அந்தக் கொழுத்தது ஒரு ராஜா," என்றாள் நிக்தே. "அந்த ஒல்லி ஒரு பண்டிதர். கண்ணைச் சிமிட்டுகிறதே, அது புதுமாப்பிள்ளை, பாவம். உன் ஆளை நீ கண்டுபிடிக்க முடியுமா?"

"இது ஒரு கேள்வியா?"

ராஜக்கனி மதிலோரம் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். ராஜா அதட்டினார். பண்டிதர் மூக்கால் பேசினார். மாப்பிள்ளை முனகினான். கடைசி மூலையில் ஒரு குரல். 'தா'வில் ஓர் இழுவை, 'னா'வில் ஒரு பெருமூச்சு. கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் கேட்ட இழுவை. வாலைப் பிடித்துத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"கெட்டிக்காரிதான்," என்றாள் நிக்தே. "ஆனால் எதற்கு இவர்? இங்கேயே விட்டுவிட்டுப் போயேன். வீட்டில் குறை சொல்ல ஆள் இருக்காது."

"குறை சொல்லட்டும். மனுஷனா நின்னு சொல்லட்டும். தூக்கத்துல நான் கால் குடைஞ்சு முனகுனா, நான் முழிச்சிரக் கூடாதுன்னு விளக்கைப் போடாம எழுந்து தைலம் தேடுற ஆளு இவரு. சொல்லத் தெரியாத மனுஷன், அவ்வளவுதான். எனக்கு வேணும். என்ன செய்யணும், சட்டுன்னு சொல்லு."

நிக்தே சிரித்தாள். "எந்த வாய் 'இவ்வளவுதானா' என்றதோ, அந்த வாயே 'இவ்வளவா!' என்று வியக்க வேண்டும். நடுவில் இருக்கிற 'தான்' உதிர வேண்டும். எதை வேண்டுமானாலும் காட்டு. மூன்று வாய்ப்பு. சூரியன் மாளிகைக்குப் பின்னால் இறங்கிவிட்டால், இவர் கடைசிவரை ஓணான்தான்."

ராஜக்கனி சேலையை இழுத்துச் செருகினாள். ஓணானைத் தூக்கிக்கொண்டு சித்திர மண்டபத்துக்கு ஓடினாள். உள்ளே சுவரெல்லாம் சிவப்பு உள்ளங்கைகள், கட்டியவர்கள் சாயத்தில் தோய்த்துப் பதித்தவை. பெரிய கை, சின்னக் கை, விரல் ஒடிந்த கை.

"பாருங்க, எத்தனை கை! செத்துப் போனவங்க இன்னும் கை காட்டிக்கிட்டு நிக்காங்க."

ஓணான் பார்த்தது. "இவ்வளவுதானா?"

ஒன்று போயிற்று. பாறை விளிம்புக்கு ஓடினாள். கீழே கடல். கரையோரம் பால் கலந்த நீலம், நடுவில் மயில் பச்சை, அப்பால் மசி நீலம்.

"பாருங்க, ஒரே கடல்ல மூணு கடல்! நம்ம ஊர்ல இப்படி இருக்கா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க."

ஓணானால் நெஞ்சைத் தொட முடியவில்லை. வாய் மட்டும் திறந்தது. "இவ்வளவுதானா?"

இரண்டும் போயிற்று. சூரியன் மாளிகையின் உச்சிப்படியைத் தொட்டுவிட்டது. மதில் ஓணான்கள் எல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தன. ராஜக்கனி திரும்பி ஓடினாள். காற்றின் கோயிலுக்குள் வந்து, அங்கிருந்த ஒரே ஜன்னலின் கல் விளிம்பில் ஓணானை இறக்கி வைத்தாள். அது வீம்பாகக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"போங்க," என்றாள். "காட்டிக் காட்டி என் கை ஓஞ்சு போச்சு. உங்களை எப்படித் திருப்புறதுன்னு எனக்குத் தெரியலை. நான் பாக்க வந்ததை நான் இன்னும் பாக்கவே இல்லைங்க."

சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். முதல் தடவையாக, யாருக்கும் காட்டாமல், தனக்காகப் பார்த்தாள்.

மேற்கே இறங்கிய வெயில் வாசல் வழியாக உள்ளே வந்தது. சின்ன ஜன்னலுக்குள் புகுந்து வெளியேறியது. கடல் மேல் நீளமாக, நேராக, ஒரு பொன் பாதை விழுந்தது. தூரத்தில் அலை மோதி உடைகிற பவளப்பாறைச் சுவர். அதில் ஒரே ஓர் இடத்தில் வழி. பாதை சரியாக அந்த வழியில் போய் முடிந்தது. படகுகள் பாறையில் மோதாமல் கரை சேர, இந்தச் சின்ன ஜன்னலை எவனோ ஒருவன் அளந்து அளந்து வைத்திருக்கிறான்! அவளுக்கு அது புரிந்த கணத்தில், அந்த வழியில் படகுகள் வந்தன. பழைய காலத்துப் படகுகள். ஒன்றன் பின் ஒன்றாக, தேன் குடமும் கிளி இறகும் உப்புக் கட்டியும் ஏற்றிக்கொண்டு, துடுப்புப் போடுகிறவர்களின் பாட்டோடு வந்தன. முன் படகில் நின்ற ஒரு சிறுமி இந்த ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தாள்.

ராஜக்கனி ஜன்னலை ஒட்டி நின்றாள். வாய் பாதி திறந்தது. கொண்டை அவிழ்ந்ததை அவள் கவனிக்கவில்லை. கடலில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் முகமெல்லாம் ஆடியது. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஓணானுக்கு எதிரே அந்த முகம் மட்டும்தான் இருந்தது. அடுப்படிச் சூட்டில் சிவந்த முகம் அதற்குத் தெரியும். காய்ச்சலில் வாடிய முகம் தெரியும். கோபத்தில் திரும்பிக்கொண்ட முகம் நன்றாகவே தெரியும். இது எங்கே இருந்தது? இத்தனை வருஷமும் ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, எங்கே இருந்தது?

ஓணான் வாயைத் திறந்தது. பழக்க தோஷம். "இவ்வளவுதா..."

கூரையில் நிக்தே மூச்சைப் பிடித்தாள். மதிலில் முணுமுணுப்பு நின்றது. 'தா' தொண்டையில் முள் மாதிரி குத்தியது. ஓணான் இருமியது, விழுங்கியது, கண்ணை மூடித் திறந்தது.

"இவ்வளவா!"

வால் பொத்தென்று விழுந்தது. முள் உதிர்ந்தது. ஜன்னல் விளிம்பில், வேட்டி கசங்கி, கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு தர்மசீலன் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து ஜன்னல் சுவரில் தொற்றிக்கொண்டிருந்த சில ஓணான்களும் அந்த முகத்தைப் பார்த்து 'இவ்வளவா' என்றுவிட்டன போலிருக்கிறது. பொத், பொத், பொத். ராஜா எழுந்து கிரீடத்தைத் தேடினார். பண்டிதர் மூக்கைத் தடவிப் பார்த்தார். புதுமாப்பிள்ளை யாரையும் பார்க்காமல், பெண்டாட்டி பேரைச் சொல்லிக்கொண்டு வாசலை நோக்கி ஓடினான். மீதிப் பேர் ஓணானாகவே இருந்தார்கள். அவரவரைத் தேடி அவரவர் வீட்டார் வர வேண்டும்.

நிக்தே இறங்கி வந்தாள். "ராஜக்கனி, உன்னிடம் தோற்றதில் எனக்குச் சந்தோஷம். கேள், என்ன வேண்டும்? பொன்னா, முத்தா, பச்சைக்கல்லா?"

ராஜக்கனி திரும்பவே இல்லை. கையை மட்டும் பின்னால் ஆட்டினாள். "கொஞ்ச நேரம்."

சற்றுப் பொறு என்றுதான் அவள் சொன்னாள். காற்றுக்காரிக்கு அது வரமாகக் கேட்டது. ராணிகளும் அரக்கிகளும் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள், இதை யாரும் கேட்டதில்லை. "அப்படியே ஆகட்டும். நீயாகப் 'போதும்' என்று சொல்கிறவரை இந்தச் சூரியன் இறங்காது. சமையல் கூப்பிடாது, வண்டி கிளம்பாது, யாருக்கும் பசிக்காது," என்று சொல்லிக் கடல் மேல் கரைந்து போனாள். உச்சிப்படியில் சூரியன் நின்றது நின்றபடி நின்றது.

தர்மசீலன் விளிம்பிலிருந்து மெல்ல இறங்கினார். முழங்காலைத் தடவிக்கொண்டார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் பார்க்கிற திக்கைப் பார்க்கக் கழுத்தை நீட்டினார். ஜன்னல் சின்னது. ஒருவர் நின்றால் நிறைந்துவிடும்.

"ஏளா," என்றார், இழுக்காமல், மெதுவாக. "கொஞ்சம் தள்ளி நில்லேன். நானும் பாக்குதேன்."