எருமைக்காரியும் ஒன்பது ஆங்கிலச் சொற்களும்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைந்து ஆசை பெருத்திருந்த நாளில், வீரகேசரி என்றொரு மகாராஜா இருந்தார். பெயரில்தான் வீரமும் சிங்கமும். ஆள் பரம சாது. புதிதாக எதைப் பார்த்தாலும் மூன்று நாள் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவார், அவ்வளவுதான் குறை.

ஒரு தடவை கப்பலில் வந்த வெள்ளைக்கார வணிகன் ஒருவன் அவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். 'ஏ' வந்தது, 'ஈ' வந்தது, அதற்குள் காற்று திரும்பிவிட்டதென்று கப்பல் கிளம்பிவிட்டது. ராஜாவுக்கு அந்த இரண்டு எழுத்தின் மேலும் உயிர். போகிற போக்கில் வணிகன், அந்த இரண்டு எழுத்தும் உள்ள ஐந்தெழுத்துச் சொற்கள் ஒன்பதை அர்த்தத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்: ஆப்பிள், டேபிள், பேப்பர், வாட்டர், பிளேட், பிரெட், டான்ஸ், கிரேட், ஸ்நேக். ஏன் ஐந்தெழுத்து என்று கேட்பீர்கள். மகாராஜாவின் ஒரு கையில் எப்போதும் வெற்றிலைப் பெட்டி. எண்ணுவதற்கு மிச்சமிருந்தது ஒரு கைதான்.

அரண்மனையில் நல்லபெருமாள் என்று ஒரு ராயசம். ராஜாவின் ஓலைகளை எழுதி, ராஜாவுக்குப் பதில் தாமே கையெழுத்தும் போடுகிறவர். அவருக்கு இந்த ஒன்பது சொல்லும் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல் ஆயிற்று. காரணம் உண்டு. அவருடைய மைத்துனன், செங்கமலம் என்ற கைம்பெண்ணின் சினை எருமையை ஓட்டிக்கொண்டு போய்த் தன் தொழுவத்தில் கட்டிவிட்டான். அவள் பிழைப்பே அந்த எருமைதான். முறையிட அரண்மனைக்கு வந்துவிட்டாள். அந்த நாட்டு வழக்கப்படி மூன்று சபைக்குள் வாதி தன் வாயால் வழக்கைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பொருள் யார் கையில் இருக்கிறதோ அவனுக்கே சொந்தம்.

முதல் நாள் அவள் முறை வரவில்லை. இரண்டாம் நாள் ராயசம் முந்திக்கொண்டார்.

"மகாராஜா, தாங்கள் அரும்பாடுபட்டுக் கற்ற சொற்கள் இருக்க, சபையில் மற்ற சொற்கள் எதற்கு? இந்த ஒன்பதைத் தவிர வேறு பேசுகிறவர்கள் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், யானைக்கொட்டிலில் சாணி அள்ளட்டும்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

விகடகவி மாசிலாமணி எழுந்தார். ராயசத்துக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவர் வாயையும் சேர்த்து அடைக்கத்தான் இந்த ஏற்பாடு.

"மகாராஜா, இந்தச் சட்டம் யார் யாருக்கு?"

"இந்த மண்டபத்தில் வாயுள்ள எல்லோருக்கும். எனக்கும்தான். மணி அடித்ததும் அமல்."

மணி அடித்தது. செங்கமலத்தைக் கூப்பிட்டார்கள். பாவம், பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்தாள், காவலன் காதோடு படித்துச் சொன்னான். எருமைக்கு அதில் சொல் இல்லை. மைத்துனனுக்கும் இல்லை. "ஸ்நேக்" என்று ராயசம் இருந்த திசையில் கையைக் காட்டினாள். அவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி தலைக்கு மேலே விட்டத்தைப் பார்த்தார். சபை கலைந்தது.

வெளியே வந்து அவள் உட்கார்ந்து அழுதுவிட்டாள். "நாளைக்கு ஒரு நாள்தானே சாமி இருக்கு. இந்த மாசம் கன்னு போடுற எருமை."

பின்னாலேயே வந்த மாசிலாமணி அவள் பக்கம் குனிந்தார். "நாளைக்கு வாம்மா. என்ன சொல்லணுமோ அதைத் தமிழிலேயே யோசிச்சு வெச்சுக்கிட்டு வா" என்றார்.

நேரே கட்டியக்காரன் சூரப்பனிடம் போனார். ராஜா சபைக்குள் நுழையும்போது பட்டங்களை முழங்குகிறவன் அவன்தான். நாற்பது பட்டமும் முழங்கி, கடைசியில் "சிம்மாசனம் ஏறியருள்க" என்று அவன் சொன்னால்தான் ராஜா உட்காரலாம். பாட்டனார் காலத்து முறை. சொல்வதற்கு முன் உட்கார்ந்தால் நாட்டில் மழை பெய்யாதென்று நம்பிக்கை.

"சூரப்பா, நாளைக்கு என்ன முழங்கப் போறே?"

"அதாங்க தெரியலை. ஒம்போது வார்த்தையைத்தான் வெச்சு ஓட்டணும்."

"ஏறியருள்க பட்டியல்ல இருக்கா?"

"இல்லீங்களே."

"அப்ப சொல்லலாமா?"

"எப்படிங்க சொல்றது? சாணி அள்ளவா?"

"நல்ல பிள்ளை. சட்டத்தை மீறாதே" என்று தட்டிக்கொடுத்துவிட்டு, யானைப்பாகனிடம் போய் ஒரு கூடை கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மணி அடித்தது. ராஜா வாசற்படி தாண்டி வந்து நின்றார். சூரப்பன் மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கினான்: "ஆப்பிள்! டேபிள்! கிரேட் ஆப்பிள்! கிரேட் டேபிள்! பேப்பர், பிளேட், பிரெட்!"

ராஜா முகம் மலர்ந்து கேட்டார். நாற்பது பட்டம் போயிற்று. சூரப்பன் நிறுத்தவில்லை. நிறுத்த அவனிடம் சொல் இல்லை. மறுபடி ஆப்பிளில் ஆரம்பித்தான். மூன்றாவது சுற்றில் ராஜாவுக்குக் கால் கடுத்தது. நிறுத்தச் சொல்லும் ஜாடையாக, "கிரேட், கிரேட்" என்று கையைக் காட்டினார். மெச்சுகிறாரென்று நினைத்து அவன் குரலை இரட்டிப்பாக்கினான். "டேபிள்" என்றார். நாலு பேர் மேசையைத் தூக்கிவந்து முன்னால் போட்டார்கள். "வாட்டர்" என்றார். குடத்தோடு வந்தது. உட்கார மட்டும் வழியில்லை.

வலி தாங்காமல் ராஜா ஒரு காலைத் தூக்கினார், அதை வைத்துவிட்டு மறுகாலைத் தூக்கினார்.

"டான்ஸ்" என்றார் மாசிலாமணி பக்தியோடு.

ராஜா ஆடும்போது சும்மா இருந்தால் மரியாதையா? சேனாபதி ஒரு காலைத் தூக்கினார். புரோகிதர் தூக்கினார். மூட்டுவலிக்கார ராயசமும் தூணைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். சபை முழுவதும் ஒற்றைக்காலில் நின்றது.

"அடேய், நிறுத்துங்களடா! கால் விட்டுப்போகிறது!" என்று கத்திவிட்டார் ராஜா.

சத்தம் அடங்கிற்று. தூக்கிய கால்கள் தூக்கியபடியே நின்றன. மாசிலாமணி தூணுக்குப் பின்னாலிருந்த சாணிக்கூடையை இரண்டு கையாலும் ஏந்தி வந்து, ராஜாவின் முன் மண்டியிட்டு நீட்டினார்.

"பிளேட்" என்றார்.

ராயசம் பதறிப்போனார். "என்ன துணிச்சல்! மகாராஜா பேசினால் அது குற்றமாகுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது, தாம் பேசியது எந்தச் சொல்லென்று. ராஜா கூடையைப் பார்த்தார், ராயசத்தைப் பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த சிரிப்பில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மழைக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த வருஷம் நன்றாகவே பெய்தது.

"இனி இந்தச் சபையில் அவரவர் பேச்சை அவரவர் பேசலாம். ராயசரே, உமக்கு நாற்பத்தெட்டு நாள். எனக்கும் நாற்பத்தெட்டு நாள் உண்டல்லவா? என் சார்பில் கையெழுத்திடுகிறவர் நீர்தானே. இதையும் என் சார்பில் அள்ளிவிடும்."

பிறகு செங்கமலம் வாய் திறந்தாள். இரண்டு நாள் அடைத்துவைத்த பேச்சு, மடை திறந்த மாதிரி வந்தது. ராஜா தரையிலிருந்தபடியே கேட்டார். பொழுது சாய்வதற்குள் எருமை அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

"மாசிலாமணி, உமக்கு என்ன வேண்டும்?"

"நாளை முதல் முறையிட வந்தவர்கள் முதலில் பேசட்டும் மகாராஜா. பட்டங்கள் பிறகு முழங்கட்டும். அவற்றுக்கு எருமை எதுவும் காணாமல் போகவில்லையே."

ராஜா மறுபடி சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். கேட்டதையும் கொடுத்தார்.

எருமை அந்த மாதமே கன்று ஈன்றது. செங்கமலம் அதற்கு ஆப்பிள் என்று பெயர் வைத்தாள். ராயசம் கூடையும் தலையுமாக அந்தத் தெருவழியே போகும்போதெல்லாம், வேண்டுமென்றே வாசலில் நின்று கன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாளாம்.