அம்பாசிடருக்குப் பெரிய சக்கரம்

வீம்புக்குப் பழைய அம்பாசிடரில் ஜீப்பு அளவுச் சக்கரத்தை மாட்டியவர் ஒருவர், அதற்கு ஏச்சு வாங்கியவன் இன்னொருவன். மாட்டியவரே, உம்மைத்தான் சொல்கிறேன், காது கொடுத்துக் கேளும்.

கோபியில் ஒரு ரைஸ்மில் முதலாளி. சம்பந்தி வீட்டுக் காரைவிடத் தன் கார் உயரமாக நிற்க வேண்டுமென்று பெரிய சக்கரம் மாட்டினார். அன்றிலிருந்து மேடு பள்ளத்தில் வண்டியின் பின்பக்கம் 'கர்ர்' என்று கத்தியது.

"நீ ஓட்டுற லட்சணம்டா மாரப்பா," என்று டிரைவர் மேல் பாய்ந்தார். "சக்கரத்தை மாத்தக் கூடாது, சக்கரத்துக்கு மேல இருக்கிற தகட்டை வெட்டக் கூடாது. நாளைக்கும் சத்தம் வந்துச்சுன்னா உனக்கு வேலை இல்லை."

"சரிங்க மொதலாளி," என்றான் மாரப்பன். தான் தனியாக ஓட்டும்போது மட்டும் வண்டி ஏன் வாயைத் திறப்பதில்லை என்று அவனுக்கும் யோசனைதான்.

மறுநாள் சம்பந்தி வீட்டு வாசலில், எல்லோரும் பார்க்க, வெறும் வண்டியை வேகத்தடை மேல் ஏற்றி இறக்கினான். சத்தமே இல்லை. ஒல்லியான சம்பந்தியைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டினான். அப்போதும் இல்லை.

"பாத்தீங்களா, ஒழுங்கா ஓட்டினா கத்தாது," என்று மீசையைத் தடவிக்கொண்டு முதலாளியும் ஏறினார். மாரப்பன் வேகத்தடை மேல் ஏற்றி இறக்கியதும், பின்பக்கம் அமுங்கித் தகடு டயரில் உரச, தெருவே திரும்பிப் பார்க்கும்படி வண்டி கத்தியது. அவர் இறங்கியபின் ஓட்டினான், சத்தம் இல்லை. மறுபடி ஏறினார், மறுபடி கத்தியது.

"சக்கரத்தையும் தொடலைங்க, தகட்டையும் வெட்டலைங்க," என்றான் மாரப்பன் பணிவாக. "நீங்க மட்டும் நடந்து வந்தாப் போதுமுங்க, சத்தமே வராது."

சம்பந்தி சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை தெறித்தது.

ஆகவே முதலாளியாரே, மாரப்பன் வேலை அவனிடமே இருக்கட்டும். கழற்றிப் போட்ட சின்னச் சக்கரங்களை இன்றைக்காவது எடுத்து மாட்டும்.