கணவாய்க்குக் கீழே ஒரு கேஸ் அடுப்பு

"தீர்ந்துபோச்சும்மா."

தணிகாசலம் கேஸ் அடுப்பைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டுச் சொன்னார். நீலமாக ஒரு சுடர் எட்டிப் பார்த்தது. உடனே அணைந்தது.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. அவருடைய குரு செண்பகவல்லி அம்மாவுக்கு முப்பத்தெட்டு. இமயமலையில் ஒரு கணவாய்க்குக் கீழே இருவரும் கூடாரம் போட்டிருந்தார்கள். பொழுது விடிந்திருந்தது. பாட்டில்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பனியை உருக்கினால்தான் உண்டு. தண்ணீர் இல்லாமல் கணவாய் ஏற முடியாது.

"நான் இறங்கிடறேன்மா," என்றார் தணிகாசலம்.

"அடுப்பு எரியலைங்கறதுக்காகவா?"

"அதுக்காக மட்டும் இல்லம்மா. ஒன்பது வருஷமா உங்க காலடியில உட்கார்ந்திருக்கேன். உள்ளே ஒண்ணும் நடக்கல. அலுத்துப்போச்சு."

அந்தக் குளிரில் அழவும் தெம்பு வேண்டும். அவரிடம் இல்லை.

அம்மா அடுப்பிலிருந்து சின்ன சிலிண்டரைக் கழற்றினார். தணிகாசலத்தின் காதருகே பிடித்துக் குலுக்கினார். உள்ளே சளக் சளக் என்றது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. இருந்து என்னம்மா? வெளியே வரலையே."

"குளிர்ல வராது. ராத்திரி இதை எங்க வெச்சீங்க ஐயா?"

"கூடாரத்துக்கு வெளியே. பாத்திரத்தோட."

"ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள என்ன வெச்சீங்க?"

தணிகாசலத்தின் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"நீங்க பேசினதையெல்லாம் எழுதி வெச்ச நோட்டும்மா. பனி பட்டு நனைஞ்சிடக் கூடாதுன்னு நெஞ்சோட அணைச்சுக்கிட்டே படுத்தேன்."

அம்மா சிலிண்டரை அவர் கையில் கொடுத்தார். அவர் போட்டிருந்த ஸ்வெட்டரைக் காட்டினார்.

தணிகாசலம் அதை உள்ளே செருகிக்கொண்டார். ஐஸ் கட்டி சுட்டதுபோல் துள்ளினார். நோட்டு இருந்த அதே இடம். பல் கிட்டிக்கொண்டது. எடுத்துவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தார். எடுக்கவில்லை.

அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் அவரே அதை எடுத்து அடுப்பில் பொருத்தினார். தீக்குச்சியைக் காட்டினார்.

குப்பென்று பற்றியது.

தணிகாசலம் அந்தத் தீயையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாக நெஞ்சைத் தடவியது. இன்னும் அங்கே சில்லென்றுதான் இருந்தது.

அம்மா பாத்திரத்தில் ஒரு கைப் பனியை அள்ளிப் போட்டார்.

"உங்களுக்கு ஒரு பாட்டில் போதும்ல ஐயா? இறக்கம்தானே."

தணிகாசலம் குனிந்து இரண்டு கையாலும் பனியை வாரிப் பாத்திரத்தை நிரப்பினார்.

"ஏறுறதுக்குப் பத்தாதும்மா."