மற்ற நாற்பது

“டீச்சர், கம்ப்யூட்டர்ல இந்த டேபிள் செத்துப்போச்சு,” என்றாள் டெல்ஃபினா. “காலைல இருந்து ஒரே பதிலத்தான் சொல்லுது.”

நஸ்ரின் அப்போதுதான் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்திலிருந்து சங்க ஆபீசுக்கு வந்திருந்தாள். மணி பதினொன்று. துப்பட்டாவிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

அவள் டெல்ஃபினாவைவிட ஐந்து வயது சிறியவள். கம்ப்யூட்டர் வேலையைக் கற்றுக்கொடுத்த முதல் நாளில் கேலியாக ஆரம்பித்த ‘டீச்சர்’ அப்படியே நிலைத்துவிட்டது.

புயல் எச்சரிக்கை வந்தபோது மீனவர் சங்கத்தின் நாற்பத்தொரு படகுகள் ஆழ்கடலில் இருந்தன. ஒன்றில் டெல்ஃபினாவின் தம்பி பிரிட்டோ.

எந்தப் படகு எங்கே இருக்கிறது என்று, ‘டேபிள்’ என்று அவர்கள் சொல்லும் அட்டவணையில் பார்த்து, மணிக்கு ஒரு முறை வெளியே பலகையில் ஒட்ட வேண்டும். அது டெல்ஃபினாவின் வேலை. பலகையில் ஆறு மணித் தாள் மட்டும் ஊறிக்கொண்டிருந்தது.

“என்ன கேட்டீங்க, அக்கா?”

“கடல் மாதா எங்கன்னு.”

திரையைத் திருப்பிக் காட்டினாள். கேள்வியின் கடைசி வரியில் தம்பியின் படகுப் பெயர். கீழே பதிலும் ஒரே வரி. நேற்று மாலை ஐந்து நாற்பது. அதே இடம்.

ஜன்னலில் இஞ்ஞாசியின் முகம் வந்தது. அவருடைய மகன் ‘லூர்து துணை’ படகில் போயிருந்தான்.

“மக்களே, அடுத்த தாளு எப்ப ஒட்டுவ?”

“இப்ப ஒட்டிருவேன், மாமா.”

“எட்டு மணிக்கும் இதத்தான் சொன்ன. ஒனக்கு அந்தக் காத்தே தேவல. அது சொன்ன நேரத்துக்கு வந்துட்டுல்லா.”

முகம் போய்விட்டது.

“எத்தன தடவ கேட்டீங்க?” என்றாள் நஸ்ரின்.

“எண்ணல.”

மெஷின் எண்ணி வைத்திருந்தது. நஸ்ரின் எடுத்துப் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

“பாத்தா என்ன? நம்ம டேபிள்தானே.”

“டேபிள் நம்மளுது. உள்ள ஒண்ணும் கிடையாது அக்கா, வெறும் கட்டம். நீங்க கேட்கிற ஒவ்வொரு தடவையும் அது, படகு சிக்னல வாங்குற சாட்டிலைட் கம்பெனிகிட்ட போய்க் கேட்டு வாங்கிட்டு வந்து காட்டுது. ஒரு நாளைக்கு இருநூறு தடவதான் அவங்க பதில் சொல்லுவாங்க.”

“நான் ஒரு படகத்தானே கேட்டேன்.”

நஸ்ரின் மேசையின் இழுப்பறையைத் திறந்தாள். புறப்படும் முன் ஒவ்வொரு படகும் கொடுத்துவிட்டுப் போன சீட்டுகள் அதில் இருந்தன. ஒவ்வொன்றிலும் அந்தப் படகில் போனவர்களின் பெயர்கள்.

எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டினாள். ‘கடல் மாதா’வைத் தேடி எடுத்து டெல்ஃபினாவின் கையில் வைத்தாள்.

மற்ற நாற்பதையும் இரண்டு கையாலும் வாரிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

டெல்ஃபினா கூடையைப் பார்த்தாள்.

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஒவ்வொரு தடவையும். நீங்க படகுப் பேர் போடுற கடைசி வரி கம்பெனி வரைக்கும் போகாது. நாற்பத்தொண்ணும் இங்க வரும். நம்ம மெஷின்தான் நாற்பத தள்ளிட்டு ஒண்ணக் காட்டும். தள்ளினது எங்கயும் இருக்காது.”

“ஏன் சொல்லல?”

“மணிக்கு ஒரு தடவதான் பாப்பீங்கன்னு நினைச்சேன்.”

டெல்ஃபினா தரையில் உட்கார்ந்து சீட்டுகளைப் பொறுக்கினாள். ஒன்றில் ஈரத் தேயிலை ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்தாள். பெயர்கள் கொஞ்சம் கலைந்தன.

அவள் பொறுக்கி முடிக்கும்வரை நஸ்ரின் கம்பெனிக்குப் போன் செய்துகொண்டே இருந்தாள். யாரும் எடுக்கவில்லை.

“இன்னும் ஒரு தடவ மிச்சம் இருக்கு,” என்றாள். “அதுவும் போனா நாளைக் காலைல ஆறு மணிக்குத்தான். பன்னண்டு மணிக்கு மீட்புக் கப்பல் கிளம்புது. எங்க தேடணும்னு பட்டியல் கேட்டிருக்காங்க.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டெல்ஃபினா நாற்காலியில் உட்கார்ந்தாள். கடைசி வரிக்குப் போனாள். தம்பியின் படகுப் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

பொத்தானை அழுத்தினாள்.

நாற்பத்தொரு வரிகள் வந்தன.

இருபத்துமூன்றாவது வரி, கடல் மாதா. நேற்று மாலை ஐந்து நாற்பது. அதே இடம்.

அவள் அந்த வரியில் நிற்கவில்லை. அதற்கடுத்த வரியில் நின்றாள்.

நஸ்ரின் வந்து குனிந்து பார்த்தாள். பட்டியலைக் கப்பலுக்கு அனுப்பினாள். ஒரு தாள் அச்சாகி வந்தது.

டெல்ஃபினா அதை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பலகையில் ஒட்டவில்லை. படியில் நின்று, மழையில் காத்திருந்த வீட்டாருக்கு முதல் வரியிலிருந்து படித்தாள். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சிலர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

தம்பியின் வரியையும் அதே குரலில் படித்தாள்.

பிறகு, “லூர்து துணை. உதவி கேட்குது. கடைசி சிக்னல், இன்னைக்குக் காலைல ஒம்பது பத்து.”

இஞ்ஞாசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியருகே வந்தார்.

“இன்னைக்கா?”

“ஆமா, மாமா.”

“அதுக்கப்புறம்?”

“இல்ல.”

அவர் அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“ஒம்பது பத்துக்கு நீ உள்ளதானே இருந்த, மக்களே?”

“இருந்தேன், மாமா,” என்றாள் டெல்ஃபினா. “பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”