கற்பூரம் அணையுறதுக்குள்ள

கேளுங்க இந்தக் கூத்தை. கோவில்பட்டியில் பதினோரு வருஷம் ஆட்டோ ஓட்டிய செண்பகவல்லி, வாடகைக்கு ஓட்டப் புதுக் கார் எடுக்க ஷோரூமுக்குப் போனாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, கற்பூரமும் ஏற்றியாயிற்று. சாவி மட்டும் மேனேஜர் ரத்னசபாபதி கையை விட்டு வரவில்லை.

"கூடுதல் வாரண்டிக்கு முப்பதாயிரம் கட்டும்மா. மூணு வருஷம் கழிச்சு கியர்பாக்ஸ், ஏசி எல்லாம் வரிசையாப் படுத்துக்கும். கையெழுத்துப் போட்டாத்தான் சாவி" என்றார் அதட்டலாக.

"பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்க்ரூகூட கழலாதுன்னு போன வாரம் சொன்னீங்களே சார்?"

"அது... அதுவும் உண்மைதான்."

செண்பகவல்லி கற்பூரத் தட்டை அவர் முன்னால் நீட்டினாள். "ரெண்டுல எது நிஜமோ, அதை இதுல அடிச்சு சத்தியம் பண்ணுங்க. படுத்துக்கும்னா இப்பவே பணம் கட்டுறேன். படுக்காதுன்னா சாவியைக் குடுங்க."

பக்கத்துக் காரைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் மொத்தமும் திரும்பியது. அவர்கள் இன்னும் முன்பணம் கட்டவில்லை. அவர்கள் காதுபட ரத்னசபாபதி எதைச் சொல்வது? கற்பூரம் அணைவதற்குள் சாவி அவள் கைக்கு வந்துவிட்டது.

எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கார் நகர்ந்தபோது, அந்தக் குடும்பத்துப் பெரியவர் கேட்பது அவள் காதில் விழுந்தது.

"மேனேஜர் சார், இன்னொரு கட்டி கற்பூரம் கிடைக்குமா?"