தரையில் பறந்த தளவாய்

ஆலங்கோட்டைக் கூத்தப்ப ராசாவுக்கு ஓர் ஆசை வந்துவிட்டால் போச்சு, அரண்மனையே தலைகீழாகும். இந்தத் தடவை வந்தது பறக்கிற ஆசை!

தளவாய் வல்லபராயர் மூங்கிலும் பட்டும் வைத்து இறக்கை கட்டிக் கொடுத்தார். "வருகிற பௌர்ணமிக்கு மலையுச்சியிலிருந்து குதியுங்கள் பிரபு! கழுகு தோற்றுப்போகும்" என்று தூபம் வேறு போட்டார். ராசாவுக்கோ பிள்ளையில்லை. அவர் போனால் சிம்மாசனத்தில் உட்காரப்போவது தளவாய்தான்.

அவை விகடர் சாத்தப்பருக்கு இந்தச் சூது புரிந்துவிட்டது. வேண்டாமென்றால் ராசா கேட்கிற ஆளா?

"பிரபு, குதிரையேறவே பழகித்தானே ஏறுகிறோம்? முதலில் தரையிலேயே பறந்து பழகுங்கள். அதற்கொரு பெட்டி செய்து தருகிறேன்."

"தரையிலா? பறக்கிற மாதிரி இல்லையென்றால் உம்மை நாடு கடத்திவிடுவேன், ஓய்!"

"அப்படியே ஆகட்டும்."

வாரம் திரும்புவதற்குள் முற்றத்தில் ராசாவின் முன்னால் ஒரு மூடுபல்லக்கு வந்து நின்றது. அடியில் ஆறு கழி, கழிக்கொரு பல்லக்குத் தூக்கி. சன்னலுக்கு வெளியே வானமும் மலையும் தீட்டிய சீலை. உருளையைச் சுற்றினால் சீலை ஓடும்.

தளவாய் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "தரையிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. இதுவா ஆகாயம்? நானே ஏறிக் காட்டுகிறேன், இவன் சாயம் வெளுக்கட்டும்!"

தளவாய் ஏறியதும் கதவைச் சாத்தினார்கள். சாத்தப்பர் கண்ணைக் காட்டினார். முன்கழிகள் மெல்ல மெல்ல உயர்ந்தன. தளவாயின் முதுகு பலகையில் அழுந்தியது. பெட்டி முன்னால் பாய்வதாகவே உடம்பு நம்பியது. சீலையில் மலை பின்னால் ஓடியது. வெளியிலிருந்து ஒருவன் வீசிய விசிறிக் காற்று முகத்திலடித்தது.

"அட, அடடே!" என்றார் தளவாய்.

பெட்டி இடப்பக்கம் சரிந்தது. வலப்பக்கம் சரிந்தது. அப்புறம் குப்புறச் சாய்ந்தது.

"அடப்பாவிகளா, பிடிங்கடா!"

"தளவாயாரே, விழுகிறது! குதித்துவிடுங்கள்!" என்று கத்தினார் சாத்தப்பர்.

"குதிக்கவா? இந்த உயரத்திலிருந்தா? எலும்புகூடத் தேறாதய்யா! நான் பிள்ளைகுட்டிக்காரன்!"

சாத்தப்பர் கதவைத் திறந்தார். தளவாய் கண்ணை இறுக மூடிக்கொண்டு இருக்கையைக் கட்டிப்பிடித்திருந்தார். பெட்டி வாசலுக்குக் கீழே ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது.

"பார்த்தீர்களா பிரபு? ஒரு முழத்துக்கே குதிக்கமாட்டேன் என்கிறார். உங்களை மட்டும் மலையுச்சியிலிருந்து குதிக்கச் சொல்கிறார்!"

ராசா விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றிச் சாத்தப்பருக்குப் போட்டார். பிறகு தளவாயின் பக்கம் திரும்பினார். சிரிப்பு போயிருந்தது.

"அந்த இறக்கையை நீரே கட்டிக்கொண்டு குதிக்கிறீரா, இல்லை, இப்போதே ஊரைவிட்டுப் போகிறீரா?"

தளவாய் எடுத்தார் பாருங்கள் ஓட்டம், அதுதானய்யா அசல் பறத்தல்!